மாதச் சந்தா கட்டி ஆன்லைன் கேம் ஆடலாமா? நான்கு வழிகளும் அவற்றின் உண்மைச் செலவும்

மாதச் சந்தா கேட்கும் ஆன்லைன் கேமான ஃபைனல் ஃபேன்டஸி 14-இன் இலவசச் சோதனைப் பதிப்பை ஆடி முடித்தவர் முன்னால் ஒரு கேள்வி வந்து நிற்கும். இனி மாதாமாதம் பணம் கட்டித் தொடரலாமா, இத்தோடு நிறுத்திவிட்டு இலவசமான வேறொன்றுக்குப் போகலாமா? புதிதாக பிஎஸ்5 வாங்கியவருக்கு இதே கேள்வி வேறு மாதிரி வருகிறது. கன்சோலுக்கும் காசு, கேமுக்கும் காசு கொடுத்தாயிற்று. நண்பனோடு சேர்ந்து ஆட இன்னொரு காசு எதற்கு? பையன் போனில் ஆடுவது இலவச கேம்தானே என்று விட்டுவிட்ட அப்பா, டைமண்டுக்கும் யூசிக்கும் (கேமுக்குள் செலவழிக்கக் காசு கொடுத்து வாங்கும் நாணயங்கள்) போன தொகையைக் கூட்டிப் பார்க்கும்போது கேட்பதும் ஏறக்குறைய இதே கேள்விதான்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மாதச் சந்தாவைக் கண்டு ஒதுங்க வேண்டியதில்லை. ஆட்டக்காரரிடம் பணம் கேட்கும் முறைகளில் அதுதான் வெளிப்படையானது. எவ்வளவு போகும் என்று ஆரம்பத்திலேயே தெரியும், எல்லாருக்கும் ஒரே தொகை. ஆனால் கூட ஆட ஆள் இருக்கிற, வாரம் தவறாமல் நீங்கள் திரும்பிப் போகிற ஒரே ஒரு கேமுக்குத்தான் கட்ட வேண்டும். அந்த நிலை இல்லையென்றால் மற்ற மூன்று வழிகளில் ஒன்று உங்களுக்குப் பொருந்தும்.

## எதை வைத்து எடை போடுவது

விலையை மட்டும் பார்த்தால் போதாது. நான் பார்ப்பவை இவை:

- வருடத்துக்கு மொத்தம் எவ்வளவு? மாதக் கணக்கில் கேட்டால் எல்லாமே சின்னத் தொகையாகத்தான் தெரியும்.
- செலவுக்கு உச்சவரம்பு உண்டா? இதற்கு மேல் போகாது என்று சொல்ல முடியுமா?
- நிறுத்தினால் என்ன மிஞ்சும்? கேரக்டர், பொருட்கள், வாங்கிய கேம்கள் என்ன ஆகும்?
- பணம் ஆட்டத்தைக் கெடுக்கிறதா? காசு போட்டவர் ஜெயிக்கிறாரா? ஹேக்கர்களும் பாட்களும் (ஆளுக்குப் பதில் ஆடும் மென்பொருள்கள்) எவ்வளவு?
- சர்வர் எங்கே, கூட்டம் எப்போது கூடும்?

கடைசிக் கேள்வியை நம் ஊரில் பலர் பணம் கட்டிய பிறகுதான் யோசிக்கிறார்கள். வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட், ஃபைனல் ஃபேன்டஸி 14 இரண்டுக்குமே இந்தியாவில் சர்வர் கிடையாது. ஃபைனல் ஃபேன்டஸிக்கு ஜப்பான், வட அமெரிக்கா, ஐரோப்பா, ஓசியானியா என்று நான்கு பகுதிகளில் சர்வர்கள் உள்ளன. சென்னையிலிருந்தோ யாழ்ப்பாணத்திலிருந்தோ ஐரோப்பிய சர்வருக்குப் போனால் பிங் (நீங்கள் அழுத்தியது சர்வருக்குப் போய்த் திரும்ப ஆகும் நேரம்) 150 மில்லிசெகண்டை ஒட்டியோ தாண்டியோ நிற்பது சாதாரணம். இலக்கைத் தேர்ந்தெடுத்துவிட்டுத் திறன்களை அழுத்தும் வகை கேமில் அதைச் சமாளித்துவிடலாம். துப்பாக்கிச் சண்டையில் முடியாது.

பிங்கைவிட நேரம் பெரிய சிக்கல். ரெய்டு என்பது ஒரு குழு குறித்த நேரத்தில் கூடிச் செய்கிற வேலை. கோடைக்காலத்தில் நியூயார்க்கில் இரவு 8 மணி என்றால் நமக்கு விடியற்காலை 5.30. பாரிஸில் இரவு 8 என்றால் நமக்கு 11.30. டோக்கியோவில் இரவு 8 என்றால் நமக்கு மாலை 4.30. வேலைக்குப் போகிறவர் இந்த மூன்றில் எதற்கு வார நாளில் உட்கார முடியும் என்று முதலில் பார்க்க வேண்டும். உட்காரவே முடியாதென்றால், கட்டும் சந்தாவில் பாதி மதிப்பு அங்கேயே போய்விடுகிறது.

## ஒரே பார்வையில்

| | மாதச் சந்தா கேம் | கன்சோல் சந்தா | இலவசம், உள்ளே கடை | ஒருமுறை வாங்குவது |
|---|---|---|---|---|
| உதாரணம் | வார்கிராஃப்ட், ஃபைனல் ஃபேன்டஸி 14, ஈவ் ஆன்லைன் | பிளேஸ்டேஷன் பிளஸ், நின்டெண்டோ ஸ்விட்ச் ஆன்லைன் | பிஜிஎம்ஐ, ஃப்ரீ ஃபயர், வேலரன்ட், கென்ஷின் இம்பாக்ட் | கில்டு வார்ஸ் 2, எல்டர் ஸ்க்ரோல்ஸ் ஆன்லைன் |
| வருடச் செலவு | சுமார் 155 முதல் 180 டாலர், ஈவ் 240 வரை; மற்ற இரண்டுக்கும் விரிவாக்கம் தனி | அமெரிக்க விலையில் 20 முதல் 80 டாலர்; கேம் தனி | பூஜ்யம் முதல் எவ்வளவு வேண்டுமானாலும் | வாங்கும் ஆண்டில் மட்டும் |
| உச்சவரம்பு | ஏறக்குறைய உண்டு | உண்டு | இல்லை | உண்டு, கடையை எட்டிப் பார்க்காவிட்டால் |
| நிறுத்தினால் | கேரக்டர் காத்திருக்கும், முழு கேமும் திறக்காது | ஆன்லைனும் மாதாந்திர கேம்களும் போகும் | எல்லாம் அப்படியே | எல்லாம் அப்படியே, சர்வர் உள்ளவரை |
| யாருக்கு | நிலையான குழு உள்ளவர் | கன்சோலில் நண்பர்களோடு ஆடுபவர் | கையைக் கட்டுப்படுத்தத் தெரிந்தவர் | விட்டு விட்டு ஆடுபவர் |

## மாதச் சந்தா கேட்கும் கேம்கள்

இந்த முறை பழையது. 1997-இல் வந்த அல்டிமா ஆன்லைன் மாதம் 9.95 டாலர் வாங்கியது. 2004 நவம்பரில் வார்கிராஃப்ட் 14.99 டாலரில் வந்தது. அமெரிக்காவில் அந்த மாத விலை 20 ஆண்டுகள் கடந்தும் மாறவில்லை. 2010-இல் 1.2 கோடிப் பேர் அதற்குச் சந்தா கட்டிக்கொண்டிருந்தார்கள். ஈவ் ஆன்லைன் மட்டும் 2022 மே மாதத்தில் 14.99-இலிருந்து 19.99 டாலருக்குத் தாவியது. ஆகவே விலை ஏறவே ஏறாது என்றும் நம்பிவிடக் கூடாது.

14.99 டாலரை வருடத்துக்குக் கணக்கிட்டால் 179.88. டாலரை 90 ரூபாயாக வைத்தால் 16,000 ரூபாய்க்குச் சற்று மேல். இலங்கையில் டாலருக்கு 300 ரூபாய் என்று கொண்டால் மாதத்துக்கே 4,500 ரூபாய். மாணவருக்கு இது சின்னத் தொகை இல்லை. ஃபைனல் ஃபேன்டஸியில் 12.99 டாலருக்குக் குறைந்த கேரக்டர்களோடு ஒரு தொடக்கநிலைச் சந்தா உண்டு. ஒரே கேரக்டரில் எல்லா ஜாப்களையும் (வீரன், மந்திரவாதி போன்ற வகைகள்) ஆடலாம் என்பதால் பெரும்பாலானோருக்கு அதுவே போதும்.

இதற்கு மேல் ஒளிந்திருக்கும் செலவுகள் சில. முதலாவது விரிவாக்கம், அதாவது கேமோடு பின்னால் சேரும் பெரிய புதுப் பகுதி. 2024-இல் வந்த ஃபைனல் ஃபேன்டஸியின் டான்ட்ரெயில் 39.99 டாலர், வார்கிராஃப்டின் தி வார் விதின் 49.99 டாலர். இரண்டு, இரண்டரை ஆண்டுக்கு ஒருமுறை இப்படி ஒன்று வரும். சந்தா கட்டுகிறோமே என்று அதைச் சும்மா தர மாட்டார்கள். இரண்டாவது, சந்தா கேமுக்குள்ளும் கடை உண்டு. 2024 அக்டோபரில் வார்கிராஃப்டில் ஏறிச் செல்லும் ஒரு விலங்கை 90 டாலருக்கு விற்றார்கள். அதன் முதுகில் ஏல அங்காடியும் இருந்ததால் வெறும் அலங்காரம் என்று அதைத் தள்ளிவிட முடியவில்லை. எனக்கு இது பிடிக்கவில்லை. ஆறு மாதச் சந்தாவுக்குச் சமமான தொகையை, ஏற்கெனவே சந்தா கட்டுகிறவரிடமே ஒரு வசதிக்காகக் கேட்பது சரியல்ல.

மூன்றாவது செலவு காலம். நீங்கள் அடுத்த மாதமும் இருந்தால்தான் நிறுவனத்துக்கு வருமானம். அதனால் வாரத்துக்கு ஒருமுறைதான் பரிசு, தினமும் வந்து முடிக்க வேண்டிய வேலை என்று ஆட்டத்தை நீட்டி வைக்கும் ஆசை அவர்களுக்கு எப்போதும் இருக்கும். ஃபைனல் ஃபேன்டஸியில் வீடு வாங்கியவர் 45 நாள் அந்த வீட்டுக்குள் கால் வைக்காவிட்டால் அது இடிக்கப்படும். மனை எண்ணிக்கை குறைவு, காத்திருப்போர் அதிகம் என்பது அதற்கான காரணம், நியாயமான காரணம்தான். ஆனால் வீட்டை இழக்க மனமில்லாமல், ஆடாத மாதங்களுக்கும் சந்தா கட்டிக்கொண்டிருப்பவர்கள் உண்டு. நிறுத்தி நிறுத்தி ஆடுவதுதான் உங்கள் பழக்கம் என்றால் அந்த வீட்டின் மேல் ஆசைப்படாதீர்கள்.

சரி, இவ்வளவுக்கும் பிறகு எதற்காகக் கட்டுவது? நல்ல சந்தா கேமில் வேலை தொடர்ந்து நடக்கிறது. ஃபைனல் ஃபேன்டஸி 14 முதலில் 2010-இல் வந்து படுதோல்வி அடைந்தது. தயாரிப்பாளராக நவோகி யோஷிடா பொறுப்பேற்று, 2012-இல் அதை மூடி, 2013 ஆகஸ்டில் முழுக்க மறுபடி கட்டிக் கொண்டுவந்தார். 2021 டிசம்பரில் எண்ட்வாக்கர் விரிவாக்கம் வந்தபோது வரிசையில் மணிக்கணக்கில் காத்திருக்கும்படி கூட்டம் குவிந்தது. அப்போது கேம் விற்பனையையே கொஞ்ச நாள் நிறுத்தி வைத்தார்கள், சந்தாதாரர்களுக்கு இலவச நாட்களும் தந்தார்கள். புதிதாக வருகிறவரின் காசைவிட ஏற்கெனவே கட்டியவரின் மாலைப்பொழுது முக்கியம் என்று நினைக்கும் நிலையை, மாதச் சந்தாதான் உண்டாக்குகிறது.

பணத்துக்குப் பதில் உழைப்பால் கட்டும் வழியும் இருக்கிறது. ஈவில் பிளெக்ஸ், வார்கிராஃப்டில் 2015 முதல் டோக்கன், ஓல்டு ஸ்கூல் ரூன்ஸ்கேப்பில் பாண்ட் என்ற சந்தாச் சீட்டுகள் உண்டு. யாரோ ஒருவர் நிஜக் காசில் இதை வாங்கி உள்ளே விற்பார். நீங்கள் கேமுக்குள் சம்பாதித்த தங்கத்தைக் கொடுத்து வாங்கிச் சந்தாவை நீட்டிக்கொள்ளலாம். நேரம் நிறைய, பணம் குறைவு என்பவர்களுக்கு உதவும். ஆனால் மாதத்தின் பெரும்பகுதியை தங்கம் சேர்ப்பதிலேயே கழிக்க வேண்டியிருந்தால், அப்புறம் ஆட்டம் எங்கே?

சந்தா இருந்தால் மோசடி இருக்காது என்பது பாதி உண்மை. வாசலில் ஒரு தொகை இருந்தால், ஏமாற்றிப் பிடிபட்டதும் தூக்கி எறியும் கணக்குகள் குறைகின்றன. சந்தா இல்லாத கவுன்ட்டர் ஸ்ட்ரைக் கூட, 2018 டிசம்பரில் இலவசமாகிவிட்டு, 2021 ஜூனில் புதியவர்கள் தரவரிசை ஆட்டத்துக்கு வர ஒருமுறைக் கட்டணம் தேவை என்று மாற்றியது. அதேநேரம் தங்கம் விற்கும் பாட் கூட்டம் வார்கிராஃப்டிலும் ரூன்ஸ்கேப்பிலும் சந்தா கட்டிக்கொண்டே தொழில் நடத்துகிறது.

## கன்சோல் சந்தா

மேலே சொன்னதும் இதுவும் ஒரே பெயரில் அழைக்கப்பட்டாலும் இரண்டும் வேறு. இங்கே நீங்கள் கட்டுவது எந்த உலகத்தையும் நடத்துவதற்கு அல்ல. ஏற்கெனவே வாங்கிய வண்டியை, ஏற்கெனவே நீங்கள் காசு கட்டும் இணையச் சாலையில் ஓட்ட, நடுவில் ஒரு சுங்கச்சாவடி. கணினியில் இது இல்லை. பிஎஸ்3 காலத்தில் பிளேஸ்டேஷனிலும் இல்லை. 2013-இல் பிஎஸ்4 வந்தபோதுதான் கட்டாயமானது. நின்டெண்டோ 2018 செப்டம்பரில் தொடங்கியது. இந்த வழக்கத்தை 2002-இல் எக்ஸ்பாக்ஸ் லைவ் மூலம் கொண்டுவந்தது மைக்ரோசாஃப்ட்.

அமெரிக்க விலையில் நின்டெண்டோ வருடத்துக்கு 19.99 டாலர். பிளேஸ்டேஷன் பிளஸின் அடிப்படை நிலை 59.99 டாலரில் இருந்து 2023-இல் 79.99-க்குப் போனது. இந்திய விலை தனி, வாங்கும்போது கடைப் பக்கத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். மாதாமாதம் தரும் கேம்கள் சந்தா இருக்கும்வரைதான் திறக்கும். கிளவுடில் சேமிக்கும் வசதியும் அப்படியே. வருடக்கணக்கில் சேர்த்த கேம் பட்டியலைப் பார்த்து "இதையெல்லாம் விடவா" என்று புதுப்பித்துக்கொண்டே இருப்பவர்கள், அதில் உண்மையில் எத்தனையைத் திறந்து ஆடினோம் என்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

ஒரு விஷயம் பலருக்குத் தெரிவதில்லை. ஃபோர்ட்நைட் போன்ற இலவச கேம்களை ஆன்லைனில் ஆட பிளேஸ்டேஷனில் சந்தா தேவையில்லை. எக்ஸ்பாக்ஸிலும் 2021 ஏப்ரல் முதல் தேவையில்லை. வீட்டில் பிள்ளைகள் ஆடுவது அவை மட்டும்தான் என்றால், இந்தச் சந்தாவை இன்றைக்கே நிறுத்தலாம். கால்பந்து கேமோ கால் ஆஃப் டூட்டியோ வாங்கி நண்பர்களோடு ஆடுகிறவருக்கு வேறு வழியில்லை. அவர்கள் அடிப்படை நிலையோடு நிற்பது நல்லது.

## இலவசம், உள்ளே கடை

நம் ஊரில் பெரும்பாலோர் இருப்பது இங்கேதான். பிங்கும் இங்கேதான் நன்றாக இருக்கும். வேலரன்டுக்கு மும்பையில் சர்வர் உண்டு; கவுன்ட்டர் ஸ்ட்ரைக்குக்குச் சென்னையிலேயே உண்டு. பெரும்பாலும் ஸ்கின், அதாவது தோற்ற அலங்காரம், விற்கும் வேலரன்ட் போன்ற கேமில் ஒரு ரூபாய் போடாமலும் சமமாக ஆடலாம். அப்படி ஆட முடிகிறவருக்கு இதைவிட நல்ல பேரம் உலகில் கிடையாது.

ஆபத்து அந்த இல்லாத உச்சவரம்பில் இருக்கிறது. கென்ஷின் இம்பாக்டை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் கேரக்டர்களைக் குலுக்கல் போல இழுத்துத்தான் பெற வேண்டும். நீங்கள் விரும்பும் ஒரு கேரக்டர் நிச்சயம் கிடைக்க, அதிர்ஷ்டம் கொஞ்சமும் இல்லாவிட்டால், 180 முறை இழுக்க வேண்டும். ஒரு இழுப்புக்கு 160 ரத்தினம் (கேமுக்குள் புழங்கும் நாணயம்) என்றால் 28,800. 99.99 டாலர் பேக்கில் வழக்கமாகக் கிடைப்பது 8,080. ஆக நான்கு பேக், 400 டாலர். இரண்டு ஆண்டு வார்கிராஃப்ட் சந்தாவைவிட அதிகம், ஒரே ஒரு கேரக்டருக்கு. பொறுமையாக ஆடிச் சேர்ப்பவருக்கு இவ்வளவு ஆகாதுதான். பொறுமை இல்லாத ஒரு ராத்திரியை நம்பித்தான் அந்த பேக்கே விற்கப்படுகிறது. அதே கேமில் 30 நாளுக்கு 4.99 டாலர் என்று ஒரு சின்ன அட்டையும் உண்டு. சீசனுக்கு ஒருமுறை காசு கட்டிப் பரிசுகளைத் திறக்கும் பேட்டில் பாஸும் அப்படித்தான். பெயர் வேறு, சந்தாதான் அது.

அரசுகள் இதில் தலையிட்டிருக்கின்றன. பெல்ஜியம் 2018-இல் சில கேம்களின் லூட் பாக்ஸ்களை (உள்ளே என்ன வரும் என்று தெரியாமல் வாங்கும் பெட்டிகள்) சூதாட்டம் என்று அறிவித்தது. அமெரிக்காவில் 2022 டிசம்பரில் ஃபோர்ட்நைட்டை நடத்தும் எபிக் நிறுவனம் 52 கோடி டாலர் கட்ட ஒப்புக்கொண்டது. அதில் 24.5 கோடி, ஏமாற்றும் பட்டன் அமைப்பால் தவறுதலாக வாங்க வைக்கப்பட்டவர்களுக்குத் திருப்பித் தருவதற்காக. இந்தியாவின் 2025 ஆன்லைன் கேமிங் சட்டம் பணம் வைத்து ஆடும் கேம்களைத் தடை செய்தபோதும், பந்தயம் அல்லாத சந்தாவையும் ஒருமுறை நுழைவுக் கட்டணத்தையும் அனுமதித்திருக்கிறது. அந்த வேறுபாட்டைச் சட்டம் பார்த்திருப்பது நல்ல விஷயம்.

நமக்கென்று இன்னொரு அபாயமும் உண்டு. 2020 செப்டம்பரில் பப்ஜி மொபைல் தடை செய்யப்பட்டது, 2022 பிப்ரவரியில் ஃப்ரீ ஃபயர். பப்ஜியின் இந்தியப் பதிப்பான பிஜிஎம்ஐ 2022 ஜூலையில் ஆப் கடைகளிலிருந்து மறைந்து 2023 மேயில்தான் திரும்பியது. அந்தப் பத்து மாதமும், ஸ்கின்களில் ஆயிரக்கணக்கில் போட்டவர்கள் அவற்றின் கதி தெரியாமல் இருந்தார்கள். மாதாமாதம் கட்டும் சந்தாவில் தடை வந்தால் இழப்பு பெரும்பாலும் அந்த மாதத் தொகையும் விரிவாக்கத்துக்குக் கொடுத்ததும்தான்.

## ஒருமுறை வாங்கினால் போதும்

விட்டு விட்டு ஆடுகிறவர்களுக்கு நான் தயங்காமல் சொல்வது கில்டு வார்ஸ் 2. அடிப்படை கேம் 2015 முதல் இலவசம். விரிவாக்கங்களை மட்டும் வாங்க வேண்டும். 2012-இல் 80 என்றிருந்த உச்ச லெவல் இன்னும் 80 தான். ஆறு மாதம் கழித்துத் திரும்பி வந்தாலும் உங்கள் ஆயுதம் செல்லாக்காசு ஆகியிருக்காது. சர்வர் வட அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் மட்டும் என்பது குறை.

எல்டர் ஸ்க்ரோல்ஸ் ஆன்லைன் 2014-இல் சந்தாவோடு வந்து, ஒரே ஆண்டில் அதைக் கைவிட்டது. சந்தா கட்டியே ஆக வேண்டும் என்ற நிலைதான் போனது, சந்தா போகவில்லை. கைவினைப் பொருட்களைக் கணக்கின்றிச் சேர்க்கும் பை விருப்பச் சந்தா கட்டுபவருக்கு மட்டும்தான். கட்டாதவரின் பை அடிக்கடி நிரம்பி, எதைத் தூக்கி எறிவது என்ற வேலையே ஒரு தொல்லையாகிவிடும். விருப்பச் சந்தா என்று வருகிற எந்தக் கேமிலும், கட்டாதவர் படும் தொந்தரவு எவ்வளவு என்று முதலில் விசாரியுங்கள்.

வாங்கியது நம்முடையது என்ற எண்ணமும் இங்கே முழுதாகச் செல்லாது. 2014-இல் வந்த தி க்ரூ என்ற கார் பந்தய கேமின் சர்வரை 2024 மார்ச் 31-இல் நிறுத்தினார்கள். தனியாக ஆடும் பகுதிகூடத் திறக்காமல் போனது. சர்வரை நம்பியிருக்கும் எதற்கும் ஆயுள் உண்டு.

## யார் எதைத் தேர்ந்தெடுப்பது

வாரத்தில் இரண்டு மூன்று மாலை ஒதுக்க முடிந்து, நம் நேரத்துக்கு ஒத்துவரும் ஒரு கில்டும் (சேர்ந்து ஆடும் நிலையான குழு) இருக்கிறவர் மாதச் சந்தா கட்டட்டும். அவருக்கு அது மலிவு. தேர்வு மாதத்தில் நிறுத்தி விடுமுறையில் தொடங்குகிற மாணவருக்கு, ஒருமுறை வாங்கும் கேமும் ஃபைனல் ஃபேன்டஸியின் இலவசப் பதிப்பும் போதும். அந்தப் பதிப்புக்குக் கால வரம்பே இல்லை. 2023 அக்டோபரில் அதை 70 லெவல் வரை நீட்டித்தார்கள். ஆட்டக்காரர்கள் பொருள் வாங்கி விற்கும் சந்தை கிடையாது, 3 லட்சம் கில்லுக்கு (கேமுக்குள் புழங்கும் காசு) மேல் சேர்க்க முடியாது. கதைக்காக ஆடுகிறவருக்கு இவை பெரிய குறைகள் அல்ல. ஆனால் முழுப் பதிப்புக்கு மாறியபின் இலவசப் பதிப்புக்குத் திரும்ப முடியாது. தள்ளுபடியைப் பார்த்து அவசரப்படாதீர்கள்.

போன மாதம் டாப்-அப் செய்த தொகை 1,500 ரூபாயைத் தாண்டியிருந்தால், உங்களுக்குச் சந்தா கேம்தான் சிக்கனம். இதை விளையாட்டாகச் சொல்லவில்லை. இலவச கேமில் கை நிற்காதவருக்கு, எல்லை உள்ள செலவு ஒரு பாதுகாப்பு.

## கட்டுவதென்றால் இப்படி

முதல் மூன்று மாதத்துக்கு மாதம் மாதமாகவே கட்டுங்கள். வார்கிராஃப்டில் ஆறு மாதத்துக்கு மொத்தமாகக் கட்டினால் மாதம் 12.99 ஆகிறது, ஆனால் இரண்டாம் மாதமே சலித்துவிட்டால் அந்தத் தள்ளுபடி நஷ்டம்தான். கட்டிய அன்றே தானியங்கிப் புதுப்பித்தலை நிறுத்திவிடுங்கள். பெரும்பாலான சேவைகளில் மீதி நாட்கள் அப்படியே இருக்கும்; மறுபடி ஆட நினைக்கும்போது நீங்களே யோசித்துக் கட்டுவீர்கள்.

டாலரில் கட்டும்போது வங்கி போடும் அந்நியச் செலாவணிக் கட்டணத்தையும் வரியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2021 அக்டோபரில் வந்த ரிசர்வ் வங்கி விதிப்படி, கார்டிலிருந்து தானாகப் பணம் எடுப்பதற்கு ஒரு நாள் முன்னறிவிப்பு தர வேண்டும். வெளிநாட்டு நிறுவனங்கள் சிலவற்றில் அந்த ஏற்பாடு இல்லாததால் கார்டு நிராகரிக்கப்படலாம். அந்த நேரத்தில் வேறு யாரோ விற்கும் மலிவான கேம் குறியீட்டு எண்களைத் தேடிப் போகாதீர்கள், கணக்கே முடக்கப்படலாம். ஃபைனல் ஃபேன்டஸியை ஸ்டீமில் வாங்கினால் அதன் விரிவாக்கங்களையும் ஸ்டீமில்தான் வாங்க வேண்டும், வேறு கடையில் வாங்கியது சேராது. பிள்ளைக்காகக் கட்டும் பெற்றோர் கார்டைக் கணக்கில் சேமிக்காமல், மாதத் தொகைக்கு மட்டும் கிஃப்ட் கார்டு வாங்கிப் போடுவது நல்லது.